நொயலின் பங்கு மீன்

பரமட்டா ஸ்டேஷனில் இறங்கி, கோர்ட்டுப் பக்கம் போகாமல் இடக்கைப் பக்கம் திரும்பினால் ஒடுக்கமான ஒரு சந்து வரும். சந்துக்குள் ஒரு தையல்கடை, சப்பாத்துத் திருத்துகிறவர் ஒருவர், அதற்கடுத்தது யோசேப்பின் கடை. கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். நீட்டுப் பலகை ஒன்று, பலகைக்கு இந்தப் பக்கம் எட்டுக் கதிரை, அந்தப் பக்கம் யோசேப்பு. ஒன்பதாவது ஆள் வந்தால் நிற்கவும் இடமில்லை.

அங்கே சாப்பாட்டு அட்டை கிடையாது. ஆறரை மணிக்கு எட்டுப் பேரும் வந்து இருந்துவிட வேண்டும். ஆளுக்கு நாற்பது டொலர். யோசேப்பு சோற்றை உள்ளங்கையில் பிடித்து, மேலே பச்சை மீனை வைத்து, எதை முன்னால் வைக்கிறானோ அதைச் சாப்பிட வேண்டும். இப்படிச் சாப்பிடுவதற்கு யப்பான்காரர் ஒமகாசே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உன்னிடமே விட்டுவிட்டேன், நீயே பார்த்துத் தா என்று அர்த்தமாம். நகரத்துக்குள் இதே சாப்பாட்டுக்கு மூன்று மடங்கு கேட்பார்கள்.

நொயல், யோசேப்பின் சொந்த அண்ணன். அவன் இருப்பது வென்ட்வேர்த்வில்லில், ரயிலில் இரண்டே ஸ்டேஷன். கடை திறந்து நாலு வருடத்தில் அந்தக் கதிரையில் ஒருநாள் இருந்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை அவனுக்கு, பதினாறு வருடமாக. காலை ஷிஃப்ட் முடிந்தால் கால் வீங்கும், மாலை ஷிஃப்ட் முடிந்தால் இடுப்பு விட்டுப்போகும், லீவு நாளில் நித்திரை. “அடுத்த கிழமை கட்டாயம் வாறன்” என்று சொல்லிச் சொல்லியே நாலு வருடத்தைக் கழித்துவிட்டான். களைத்த மனுசனுக்கு நாலு வருடம் என்பது நாலு கிழமை மாதிரித்தான் போகும்.

போன மாதம் யோசேப்பு ஃபோன் எடுத்தான். சந்து முழுவதையும் இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம். மார்ச் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, கடைக்குக் கடைசி நாள். “அண்ணை, அண்டைக்கு ரெண்டு கதிரை உங்களுக்கும் மச்சாளுக்கும். இதுக்கும் வராட்டில் இனி வாறதுக்குக் கடையில்லை” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நொயலுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. கட்டாயம் வருகிறோம் என்று மாதாவின் மேல் ஆணையிட்டுச் சொன்னான்.

மாதாவை அன்றைக்கு இழுத்தவன், இரண்டு கிழமை கழித்து அதே மாதாவிடம் இன்னொரு வாக்கும் கொடுத்துவிட்டான். வில்லங்கம் அங்கேதான்.

அவனுடைய மனைவி அஞ்சலீனாவுக்கு இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய் சோறு, அதற்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவாள். உடம்பு மெலிந்து, தொளதொளத்த சட்டைகளுக்கெல்லாம் ஊசி குத்தத் தொடங்கிவிட்டாள். கடைசியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். மறுமொழி வருகிற திங்கட்கிழமை. டொக்டரின் ஒஃபீசிலிருந்து பேசிய பெண், தனியே வரவேண்டாம், கூட யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். அஞ்சலீனா அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டாள். பதினாறு வருடம் வார்டுகளுக்குள் திரிந்த நொயலுக்கு அந்த வசனத்தின் அர்த்தம் தெரியும். அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

குழாய் விட்டதற்கு அடுத்த நாள் விபூதிப் புதன். சாம்பல் பூசிக்கொண்டு கோயிலில் முழந்தாளிட்டவன் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தான். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மச்சம் தொடமாட்டேன், அவளை எனக்கு விட்டுவிடு. தபசுகாலத்தில் அவர்கள் வீட்டில் இறைச்சிதான் இல்லை, மீன் உண்டு. நொயல் வைத்த நேர்த்தி மீன், முட்டை, கருவாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. பதினாறு நாள் பருப்பும் பாணுமாகக் கழிந்தது. பதினேழாம் நாள் என்ன கிழமை, என்ன திகதி என்று அவன் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

“தம்பியிட்டைச் சொல்லிப்போட்டு மரக்கறி கேட்பம்” என்றான், கடைக்குப் போகிற ரயிலில்.

“கேட்டால், என்னத்துக்கு நேர்த்தி எண்டு கேப்பான். என்ன சொல்லுவியள்?”

அஞ்சலீனா குரலைத் தாழ்த்தினாள்.

“திங்கட்கிழமை வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு சொன்னனான். பேர்ளுக்குத் தெரிஞ்சால் காணும், விடிய முன்னம் வென்ட்வேர்த்வில் முழுக்க என்னைப் பார்க்க வந்திடும். எல்லாரும் தோடம்பழத்தோட வந்து என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பினம்.”

பேர்ள், யோசேப்பின் மனைவி. மனம் பொன். வாய் மட்டும் ஸ்டேஷன் ஒலிபெருக்கி.

“அப்ப வயித்துக்குச் சரியில்லை எண்டு சொல்லட்டோ?”

“நாலு வருசம் போகாமல் இருந்திட்டுக் கடைசி நாளண்டு போய் வயித்துக்குத்து எண்டு சொல்லப் போறியளோ? சும்மா இருங்கோ. எனக்குப் பக்கத்திலை இருங்கோ, நான் பார்க்கிறன்.”

சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவள் என்னத்தைப் பார்க்கப் போகிறாள் என்று நொயலுக்கு விளங்கவில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பியவன், மூன்று தரம் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கட்டில் தள்ளியவன், பதினொரு மணிக்கு இரண்டு துண்டு பாண் தின்றவன். யோசிப்பதற்கு அவனிடம் பலம் இல்லை.

கடை வாசலில் பேர்ள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்தாள். “வந்திட்டியள். ஐயோ மச்சாள், எப்பிடி மெலிஞ்சிட்டியள், எனக்கும் அந்த டயட்டைச் சொல்லித் தாங்கோ” என்றாள். அஞ்சலீனா சிரித்தாள். சுவரோரம் கடைசிக் கதிரை நொயலுக்கு, அடுத்தது அஞ்சலீனாவுக்கு. அதற்கு அப்பால், கிழமைக்கு ஒருதரம் தவறாமல் வருகிற வயதான வெள்ளைக்காரத் தம்பதி, பிறகு ஒஃபீஸ் உடுப்போடு நாலு பேர். ஆறரைக்கு எட்டுக் கதிரையும் நிரம்பிவிட்டது.

யோசேப்பு தலையைக் குனிந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். அவனும் ஒருகாலத்தில் நொயலோடு கட்டில் தள்ளியவன்தான். அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே நொயல். நிரந்தர வேலையை விட்டுவிட்டு, மொரிட்டா என்ற யப்பான் கிழவரிடம் போய் அரிசி கழுவ நின்றபோது நொயல் அவனைப் பைத்தியக்காரன் என்று ஏசினான். ஏழு வருடம் அரிசி கழுவி, மீன் செதில் எடுத்து, அதன் பிறகுதான் கிழவர் கத்தியைக் கையில் கொடுத்தார். இதையெல்லாம் நொயல் கேள்விப்பட்டிருக்கிறான். கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான்.

வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை ஒழுங்காகக் கழுவத் தெரியாத தம்பி, இங்கே ஒரு அசைவுகூட வீணாகாமல் நிற்கிறான். இளஞ்சூடான சோற்றில் ஒரு சின்ன உருண்டை, இரண்டு விரலால் ஒரு அமர்த்தல், மேலே மீன், தூரிகையால் ஒரு இழுவை சோயா. எட்டுப் பேருக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது.

“அண்ணை, விளைமீன். கையாலை எடுத்துச் சாப்பிடுங்கோ. சோறு ஆற விடக்கூடாது.”

சொல்லிவிட்டு அடுத்த சோற்றை எடுக்கப் பின்பக்கம் இருந்த மரத்தொட்டியை நோக்கித் திரும்பினான். அந்தக் கணத்தில் அஞ்சலீனாவின் கை நீண்டது. நொயலின் பங்கு அவளுடைய வாய்க்குள் போயிற்று. கண்ணை மூடி விழுங்கினாள். பிறகு தன்னுடையதையும் எடுத்து விழுங்கினாள். யோசேப்பு திரும்பியபோது இரண்டு பேருக்கு முன்னாலும் பலகை வெறுமை.

நொயல் அவளைப் பார்த்தான். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரை வந்தது. கணவாய் வந்தது. யோசேப்பு திரும்புகிற நேரம் பார்த்து, ஒவ்வொரு தடவையும் அவளுடைய கை வந்து போனது. கோயிலில் பூசை நேரம் குழந்தைக்கு இனிப்புக் கொடுக்கிற தாயைப்போல ஒரு சத்தமில்லாத வேலை. எந்த நேரம் சத்தி எடுக்கப் போகிறாளோ என்று நொயல் பயந்துகொண்டே இருந்தான். இறாலும் வந்தது. அவள் அதை அவசரமில்லாமல் மென்றாள்.

“கஷ்டமெண்டால் விடு” என்றான் மெதுவாக.

“பேசாதேங்கோ. நல்லாய்த்தான் இருக்கு.”

நல்லாய் இருக்கு என்று அவள் எதைப் பற்றியும் சொல்லி இரண்டு மாதம். ஏழாவது, எட்டாவது துண்டு அவள் தொண்டையால் இறங்குவதை நொயல் எண்ணிக்கொண்டிருந்தான். வயிறு பசியில் அவனுக்குச் சத்தம் போட்டது. அதைப்பற்றி அவனுக்குக் கவலையில்லை. யோசேப்பு மட்டும் வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டான். நொயல் அதைக் கடைசி நாள் துக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

இடையில் பேர்ள் எல்லாருக்கும் ஒவ்வொரு மூடிக் கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்தால் ஆவி பறக்கிற சூப்பு. மேலே வெங்காயத்தாள், அடியில் சோயாக்கட்டி இரண்டு துண்டு. மீன் ஒன்றும் இல்லை. புளித்த சோயாவின் மணம்தான் மூக்கில் அடித்தது. நொயல் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தான். அந்தச் சூடு தொண்டையால் இறங்கி வயிற்றில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுவதற்கும் அவனுக்குக் கிடைத்த முதல் இரக்கம் அது. ஒரு சொட்டு மிச்சம் விடவில்லை.

வயதான வெள்ளைக்காரர் சூப்பில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். யோசேப்பு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்திவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான்.

“அண்ணை, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட மாசிதான். அதையே கட்டையாய்க் காய வைச்சு, தச்சன் சீவுற மாதிரிச் சீவிக் கொதிக்க வைக்கிறது. இண்டைக்கு விடிய நான்தான் இருந்து சீவினனான்.”

நொயல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். மன்னாரில் பிறந்தவனுக்கு மாசிக்கருவாட்டின் சுவை நாக்கில் ஏறாமல் போய்விட்டதே. பசி கண்ணை மறைத்தது, களைப்பு மூக்கை மறைத்தது. பதினேழு நாள் காத்ததை ஒரு கிண்ணம் சூப்பில் கவிழ்த்துவிட்டான். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அவளை எனக்கு விட்டுவிடு என்று கேட்ட வாயாலேயே குடித்துவிட்டான். மூடியை எடுத்து வெறுங்கிண்ணத்தை மூடினான்.

“என்னப்பா?” என்றாள் அஞ்சலீனா.

“மாசி” என்றான். அவளுக்கு விளங்கிவிட்டது.

யோசேப்பு கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அவர்களுக்கு நேரே வந்து நின்றான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். மற்ற ஆறு பேருக்கும் தமிழ் விளங்காது. இருந்தும், ஏதோ நடக்கிறது என்று தெரிந்து, அவர்கள் தங்கள் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன். சூப்பைக் குடிச்சியள். மீன் ஒரு துண்டும் வாயிலை வைக்கேல்லை. மச்சாள்தான் எடுத்து எடுத்துச் சாப்பிட்டவ. முதல் துண்டிலயிருந்து பார்த்துக்கொண்டுதான் நிக்கிறன்.”

நொயல் தலையைக் குனிந்தான்.

“பச்சை மீன் உங்களுக்கு அருவருப்பெண்டால் பரவாயில்லை. அண்டைக்குப் பைத்தியக்காரன் எண்டு பேசினியள். பதினைஞ்சு வருசமாச்சு, நான் அதைப் பெரிசாய் எடுக்கேல்லை. ஆனால் கடைசி நாளண்டு கூப்பிட்டிருக்கிறன். சாப்பிடேலாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம். இப்பிடி ஒளிச்சு விளையாடத் தேவையில்லை.”

அவனுக்குக் குரல் உடைந்தது. நொயலுக்கு இரண்டே வழிதான் இருந்தது. ஓம், எனக்கு அருவருப்பு என்று சொல்லித் தம்பியின் பதினைந்து வருடத்தையும் ஒரே வாயில் துப்பிவிடலாம். இல்லையென்றால் அஞ்சலீனாவுக்குக் கொடுத்த சொல்லை உடைக்கலாம். மாதாவுக்குக் கொடுத்த சொல் ஏற்கெனவே உடைந்து கிண்ணத்தின் அடியில் கிடக்கிறது.

“எனக்கு... வயித்துக்கு...” என்று தொடங்கினான்.

“நேர்த்தி, தம்பி” என்றாள் அஞ்சலீனா.

யோசேப்பு அவளைப் பார்த்தான். “நேர்த்தியோ? மீனுமோ? ஆருக்கு?”

“எனக்கு. வயித்துக்குள்ளை ஏதோ கிடக்காம். துண்டு எடுத்திருக்கினம். திங்கட்கிழமை மறுமொழி. கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை.” கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். “கூட வரச் சொன்னால் என்ன அர்த்தமெண்டு எனக்கும் தெரியும். இவர் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறார்.”

நொயல் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவான். தேத்தண்ணிப் பாத்திரத்தோடு பின்னால் நின்ற பேர்ள் வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து அஞ்சலீனாவின் தோளில் கையை வைத்தாள். கையை எடுக்கவில்லை.

“அது முறிஞ்சு போச்சு, யோசேப்பு” என்றான் நொயல். “இப்ப குடிச்ச சூப்பிலை முறிஞ்சு போச்சு.”

யோசேப்பு கிண்ணத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்தான். தொட்டியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடையின் வாழ்நாளில் அவன் சோற்றை ஆறவிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

“முறியேல்லை” என்றான்.

“மாசி மச்சம்தானே?”

“மச்சம்தான். ஆனால் உந்தச் சூப்பைத் தந்தது ஆர்? இந்தக் கதிரையிலை வந்து இருந்தால் எதைத் தின்னுறது, எதைக் குடிக்கிறது எண்டு நீங்கள் யோசிக்கிறேல்லை. அதை என்னட்டை விட்டிடுறது. அப்பிடித்தான் எனக்குக் கிழவர் பழக்கினவர். ஒருத்தருக்கு ஒத்துக்கொள்ளாத சாமானைக் குடுத்தால், பிழை சாப்பிட்டவனிலை இல்லை, நிண்டு குடுத்தவனிலை. இருத்தின உடனை முதல்ல கேக்க வேண்டியது அதைத்தான். எல்லாரிட்டையும் கேட்டனான். அண்ணை தானே எண்டு உங்களிட்டை மட்டும் கேக்கேல்லை.”

“மாதாவுக்கு உந்த நியாயம் விளங்குமோ?”

“மாதா கடற்கரைச் சனத்தோட கனகாலம் இருக்கிறவ. விளங்கும்.” யோசேப்பு கையைத் துடைத்தான். “நீங்கள் விட்ட இடத்திலயிருந்து நேர்த்தியைப் பிடியுங்கோ. இண்டையிலயிருந்து நானும் பிடிக்கிறன். உயிர்த்த ஞாயிறு வரைக்கும்.”

“நீ மீன் வெட்டுறவனெல்லோ?”

“நாளைக்குக் கடையில்லையெல்லோ” என்றான் யோசேப்பு. “திங்கட்கிழமையும் இல்லை. எத்தினை மணிக்குப் போகவேணும்? நான் கார் கொண்டு வாறன். ஷிஃப்ட் முடிச்சு நித்திரைத் தூக்கத்தோட நீங்கள் ஓடவேண்டாம்.”

நொயலுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமில்லாமல், கையைத் துடைக்கக் கொடுத்த துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வயதான வெள்ளைக்காரம்மா தன்னுடைய துவாயையும் மெதுவாக அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

யோசேப்பு வேலைக்குத் திரும்பினான். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதுச்சோறு எடுத்தான். இந்தமுறை நொயலுக்கு முன்னால் வெள்ளரிக்காயும் சோறும் வந்தது. அடுத்தது உப்புத் தண்ணீரில் ஊறிய கத்தரிக்காய். அதற்கடுத்தது சுட்ட காளான். “இது மச்சமில்லை” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி வைத்தான். நொயல் சாப்பிட்டான். பசியில் சாப்பிட்டான், நாலு வருடம் வராத வெட்கத்தில் சாப்பிட்டான். பக்கத்தில் அஞ்சலீனா தன்னுடைய பங்கை மட்டும், ஆறுதலாக, ஒளிக்காமல் சாப்பிட்டாள்.

எட்டேகாலுக்கு எல்லாம் முடிந்தது. ஒஃபீஸ்காரர் நாலு பேரும் யோசேப்பின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். வயதான தம்பதி போக மனமில்லாமல் வாசலில் பேர்ளோடு பேசிக்கொண்டு நின்றார்கள். யோசேப்புக்கு மொரிட்டாவிடம் பழகிய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் முடிகிறபோது ஒரே ஒரு துண்டு தனக்கென்று பிடித்து, நின்றபடியே தின்றுவிட்டுத்தான் கத்தியைச் சுற்றி வைப்பான். கடைசி நாளுக்கென்று காலையிலேயே நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து மூடி வைத்திருந்தான். சூரையின் வயிற்றுப் பக்கம், நெய் படர்ந்த துண்டு.

மூடியைத் திறந்தான். சோற்றைப் பிடித்து, அதை மேலே வைத்து, தூரிகையால் ஒரு இழுவை இழுத்து, கொண்டுவந்து அஞ்சலீனாவுக்கு முன்னால் வைத்தான்.

“மச்சாள், இது என்ர பங்கு. எனக்கும் இனி ஏலாது. இதையும் நீங்களே சாப்பிடுங்கோ.”

அஞ்சலீனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊசி குத்திய சட்டைக்குள் அவளுடைய தோள்கள் கொஞ்சம் அசைந்தன. சிரிக்கிறாள் என்று நொயலுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

“நல்லாயிருக்குக் கதை. நேர்த்தி வைக்கிறதுக்கு அண்ணனும் தம்பியும். தின்னுறதுக்கு நான் ஒருத்தி.”

எடுத்து வாயில் வைத்தாள். இந்தமுறை கண்ணை மூடவில்லை. நிதானமாக மென்றாள், விழுங்கினாள், விரலைத் துடைத்தாள். நொயல் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி” என்றாள், “இதிலை இன்னும் ஒண்டு இருக்கோ?”